வாசலில் இருபத்திரண்டு சுவிட்சுகள்

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நான். சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். யாராவது நாற்காலியைத் தரையில் இழுத்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். யாராவது ஓடினால் "நடந்து வா!" என்று கத்திவிடுவேன். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தம்பியைப் பார்த்தே அப்படிக் கத்தியிருக்கிறேன். (அவன் தாலியை எடுக்க ஓடிக்கொண்டிருந்தானாம். நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம்தான் பாக்கியாம். எனக்கென்ன தெரியும்?) இத்தனை வருஷமாக வெடிமருந்துக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருக்கிறேன், என் ஷெட்டில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமை கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. கம்பெனியில் கெட்டிக்காரனாக இருக்கிறவன் வீட்டில் கிறுக்கனாக இருக்கத் தடையொன்றும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சொந்த வீடு கட்டுவதற்கு முன்னால் நானும் என் மனைவி மாரீஸ்வரியும் சிவகாசியில் பதினோரு வருஷம் வாடகைக்குக் குடியிருந்தோம். ஒரு பெரிய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அந்தப் பக்கம் வீட்டு ஓனரம்மா, இந்தப் பக்கம் நாங்கள். வயரிங் எல்லாம் சுவர் வைப்பதற்கு முன்னாலேயே செய்தது. அதனால் ரூம் எங்கள் பக்கம் வந்தது, ரூமின் சுவிட்சு அவர்கள் பக்கம் போய்விட்டது. லைட்டு வேண்டுமென்றால் மாரீஸ்வரி சுவருக்குப் பக்கத்தில் போய் மூன்று தடவை இருமுவாள். அந்தப் பக்கம் டக்கென்று சத்தம் கேட்கும், இந்தப் பக்கம் எரியும். மறுபடி மூன்று தடவை இருமினால் அமரும், அதாவது அணையும். இருமினாலும் இருமாவிட்டாலும் ஒன்பது மணிக்கு ஓனரம்மா அமத்திவிடுவார்கள். "கரண்டு என்ன ஆத்துத் தண்ணியா?" என்பார்கள். கெட்ட மனுஷி இல்லை, பொங்கலுக்குக் கரும்பெல்லாம் கொடுப்பார்கள். ஆனால் ஆளில்லாத இடத்தில் ஒரு பல்பு எரிவதைப் பார்த்தால் அவர்களுக்குத் தாங்காது. ஒரு மழைக்காலத்தில் மாரீஸ்வரிக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. மூன்று நாள் எங்கள் லைட்டு எரிந்து எரிந்து அமர்ந்தது. அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் கூடித்தான் போனது.

அப்புறம் ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் ஒரு சின்ன இடம் அமைந்தது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி, வெளியில் ஒரு வராண்டா. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்றைக்கு மாரீஸ்வரி என்னிடம் சொன்னாள்.

"எனக்கு டைல்ஸ் வேணாம், ஷோகேஸ் வேணாம். படுத்தவாக்குல கைய நீட்டுனா லைட்டு அமரணும். ஏங்கையால அமரணும். அம்புட்டுத்தான்."

"இதென்ன பெரிய விஷயம்!" என்றேன். அன்றைக்கு அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

பட்டாசுக் கம்பெனி எப்படி இருக்கும் என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மருந்து இருக்கிற ரூமுக்குள் சுவிட்சு கிடையாது. சுவிட்சைப் போடும்போது உள்ளே ஒரு பொடிப் பொறி வரும், அது மருந்துக்கு ஆகாது. அதனால் சுவிட்செல்லாம் தள்ளி, வெளியே இருக்கும். செல்போன் கிடையாது, நைலக்ஸ் சேலை கிடையாது. ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்டு அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இதெல்லாம் நல்ல ஏற்பாடு, உயிர் காக்கிற ஏற்பாடு. நானோ வீடு கட்டிய வருஷத்தில்தான் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய்வந்து, சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். எதைப் பார்த்தாலும் பொறி தெரிந்தது. பாயசத்தில் முந்திரி மிதந்தாலும் பொறி தெரிந்தது.

வயரிங் வேலையை மாரீஸ்வரியின் தம்பி பாண்டியிடம் கொடுத்தோம். ஐடிஐ படித்த எலக்ட்ரீசியன், கைவேலை சுத்தம். "பிளான் நான் போட்டுத் தாரேன் மாப்ள, நீ கைய மட்டும் வையி" என்றேன். பழைய வருஷக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்து, நாலு நாள் உட்கார்ந்து வரைந்தேன். ஹாலுக்கு ஒன்றாம் நம்பர் ஷெட், படுக்கையறைக்கு இரண்டாம் நம்பர் ஷெட் என்றுதான் பெயரே வைத்திருந்தேன். வீட்டில் இருக்கிற அத்தனை லைட்டு, ஃபேன், மிக்ஸி, மோட்டார் எல்லாவற்றுக்கும் சுவிட்சு வராண்டாச் சுவரில், ஒரே போர்டில், வரிசையாக இருபத்திரண்டு. வீட்டுக்குள் ஒரு சுவிட்சு கிடையாது. அடுப்படியில் கேஸ் சிலிண்டர் இருக்கிறதே, அதனால் அடுப்படி டியூப்லைட்டு மட்டும் ஜன்னலுக்கு வெளியே. வெளிச்சம் கண்ணாடி வழியாக உள்ளே வரும்.

பாண்டி தாளைப் பார்த்தான். திருப்பிப் பின்பக்கம் இருந்த முருகனைப் பார்த்தான். மறுபடி பிளானைப் பார்த்தான்.

"மச்சான், இது வீட்டுக்குப் போட்டதா, மருந்து ரூமுக்குப் போட்டதா?"

"சுவிட்சு போடுறப்ப உள்ள பொறி வரும் மாப்ள. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். நான் எலக்ட்ரீசியன்."

"அந்தப் பொறி ரூமுக்குள்ள வரக் கூடாது."

"ரூமுக்குள்ள அப்படி என்னத்த வைக்கப் போறீக?"

"மெத்த! பஞ்சு மெத்த. தலகாணி. ஒங்க அக்கா சேல. எல்லாம் எரியிற சாமான். கம்பெனியில அஞ்சு வருசம் கழிச்சு வந்து கேட்டாலும் எங்க ரூல் இதுதான்."

பாண்டி தலையைச் சொறிந்தான். "அக்கா கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு சுவிட்சு கேட்டுச்சே மச்சான்."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிப்பு உண்டு. யோசித்துத்தான் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். "லைட்ட அமத்தணும், அவ்வளவுதான? தெனமும் நான் எந்திரிச்சு வெளிய போயி அமத்திட்டு வாரேன். அவளுக்கு என்ன கஷ்டம்?" என்றேன். அவளுக்காக நான் எழுந்து போவேன், அதுதான் அன்பு என்று அப்போது எனக்குள் ஒரு நினைப்பு.

"சரி மச்சான். நீங்க சொன்ன எதையும் நான் கொறைக்க மாட்டேன்" என்றான் பாண்டி. எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்கிறவன் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. செப்புத் தகட்டுக்கு எர்த் எங்கே போடுவது என்ற யோசனையில் இருந்தேன். ஆமாம், வீட்டு வாசலில் செப்புத் தகடும் பதித்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் இதுவரை தள்ளிப் போட்டேன்.

மாரீஸ்வரி அப்போது நோட்டுக் கம்பெனியில் பைண்டிங் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் நோட்டுக்குச் சீசன். காலையில் வேனில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். கூரை போட்டதற்கு அப்புறம் வீட்டுப் பக்கம் வரவே முடியவில்லை. "லைட்டெல்லாம் போட்டாச்சா?" என்று கேட்பாள். "வந்து பாரு, அசந்து போயிருவ" என்பேன். நானும் சும்மா இல்லை, பூச்சு வேலை நடந்த நாலு நாளும் கம்பெனியில் வடக்கே போகிற லோடு. பாண்டியைத் தனியாக விட்டுவிட்டேன்.

வேலை முடிந்து போய்ப் பார்த்தால், படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய காலண்டர் ஒன்று தொங்கியது. வைகாசி மாசத்தில் புதுக் காலண்டர். (எங்கள் ஊரில் அது ஒரு அதிசயமில்லை.) ஆனால் இடுப்புக்குக் கீழே தொங்கியது.

"என்ன மாப்ள, இம்புட்டுத் தாழ்வா மாட்டிருக்க?"

"அக்கா படுத்துக்கிட்டே தேதி பாக்கட்டும்னுதான் மச்சான்."

நியாயமாகப் பட்டது.

பால் காய்ச்சுக்கு நாள் குறித்தோம். காலையில் பால் காய்ச்சுவது, கம்பெனி ஆட்கள் வேலை முடிந்து வரவேண்டும் என்பதால் விருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு. முந்தின நாள் பெயிண்டர் வந்து வராண்டாவுக்குக் கடைசிக் கோட் அடித்தார். போர்டுக்கு மேலே சுவரில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் நேராக நான் அழகாக நம்பர் எழுதியிருந்தேன். "யாரோ சுவத்துல கண்டபடி கிறுக்கி வச்சிருந்தாக சார், நல்லா மறைச்சிட்டேன்" என்றார். இருபத்திரண்டு சுவிட்சும் பால் மாதிரி வெள்ளையாக, ஒன்றுபோல நின்றன. எது எதற்கு என்று சாமிக்குத்தான் தெரியும், அப்புறம் பாண்டிக்கு.

காலையில் முதலில் வந்தது என் சித்தி, ஆனைக்குட்டத்தில் இருந்து. நான் வாசலில் போர்மேன் மாதிரியே நின்று, "தொட்டுட்டு உள்ள போங்க சித்தி" என்றேன். சித்தி செப்புத் தகட்டைத் தொட்டார். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றினார். இரண்டு தடவை.

"எந்தக் கோயில் தகடுப்பா?"

"கோயில் இல்ல சித்தி. ஒடம்புல இருக்கிற கரண்டு எறங்குறதுக்கு…"

"ஆமாமா, எறங்கிட்டாப்ல தான் இருக்கு" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் சித்தியைப் பார்த்தார்கள், என்னைக் கேட்கவில்லை. வரிசையில் வந்து தொட்டார்கள், ஒற்றினார்கள், செருப்பை இன்னும் தள்ளிக் கழற்றினார்கள். பத்து மணிக்குத் தகட்டில் சந்தனம் இருந்தது. பத்தரைக்குக் குங்குமம். பதினொரு மணிக்கு யாரோ ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி, காலடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் விளக்கிப் பார்த்தேன். விளக்க விளக்கப் பக்தி கூடியது.

மாரீஸ்வரி பட்டுச்சேலையில் வீடு முழுக்கச் சுற்றிவந்தாள். ஹாலில் நின்று நாலு சுவரையும் பார்த்தாள்.

"ஏங்க, ஹால்ல சுவிட்சு எங்க?"

"எல்லாம் ஒரே எடத்துல. வராண்டாவுல. சேஃப்டி."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "பெட்ரூம்ல இருக்குல்ல?"

"சாயங்காலம் பாரேன்" என்றேன். இதைவிடக் கோழைத்தனமான இரண்டு வார்த்தையை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை. அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம ஓனரம்மாவ வரச் சொல்லிருக்கேங்க. அவுகள உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு, நான் கட்டில்ல படுத்துக் கைய நீட்டி அமத்திக் காட்டணும். ஒரே ஒரு தடவ. வேற ஒண்ணும் பேச மாட்டேன்."

நேராகப் பாண்டியிடம் ஓடினேன். (நடந்து போகவில்லை, ஓடினேன்.) "மாப்ள, கட்டிலுக்குப் பக்கத்துல இன்னைக்குள்ள ஒரு சுவிட்சு வச்சிர முடியுமா?"

பாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தான். "செவுத்த வெட்டணுமே மச்சான். அதுவுமில்லாம, பஞ்சு மெத்த இருக்கு. பொறி வரும். அஞ்சு வருசம் கழிச்சு வந்து கேட்டாலும் ரூலு ரூலுதான?" என்று சொல்லிவிட்டு, பந்திக்கு இலை வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போய்விட்டான். போகும்போது விசில் அடித்தான்.

சாயங்காலம் ஆறு மணி. ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். வைகாசி வெக்கை, சுவரெல்லாம் அனல். அடுப்படியில் சமையல்காரர் சட்னிக்குத் தேங்காயை மிக்ஸியில் போட்டுவிட்டுச் சுவிட்சைத் தேடினார். மிக்ஸியில் இருக்கிற குமிழை இப்படித் திருகினார், அப்படித் திருகினார். "கரண்டு வரல!" என்று கத்தினார். ஹாலில் இருந்தவர்கள் "கரண்டு வரலயாம்!" என்று வராண்டாவுக்குக் கத்தினார்கள். நான் போர்டுக்கு முன்னால் நின்றேன்.

பிளான் எங்கே என்று தேடினால், அந்தக் காலண்டர் தாளை விரித்து அதன்மேல் வடையைப் போட்டு எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தார்கள். வடையைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். எண்ணெயில் ஊறிப்போய் பின்பக்கத்து முருகன்தான் தெரிந்தார். சரி, போட்டுத்தான் பார்ப்போம் என்று ஒரு சுவிட்சைத் தட்டினேன். குளியலறைக்குள் இருந்து ஓர் அலறல் கேட்டது. யாருக்கோ லைட்டை அமத்திவிட்டேன். அடுத்ததைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. (நடந்தது. அது மோட்டார். தொட்டி நிரம்பி ஷாமியானாவுக்கு மேலே ஊற்றுகிறது என்று பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. கீழே என் கம்பெனி மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.) மூன்றாவதைத் தட்டினேன். மிக்ஸி ஓடியது.

மிக்ஸிக்கு மூடி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையல்காரர் அந்த நேரம் பார்த்து, குமிழை முழுசாகத் திருகி வைத்துவிட்டு, மூடியைத் திறந்து உள்ளே என்னதான் கோளாறு என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். வெளியே வந்தபோது அவர் மீசையும் புருவமும் ஒரே நிறத்தில் இருந்தன. என்னைப் பார்த்துக்கொண்டே கரண்டியைக் கீழே வைத்தார். புது வீட்டுக் கூரையில் முதல் அலங்காரம் தேங்காய்ச் சட்னிதான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஓனரம்மா வந்தார்கள். தகட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள். உள்ளே ஒரே வெக்கையாக இருக்கிறது என்று வராண்டாவிலேயே நாற்காலி கேட்டார்கள். யாரோ கொண்டுவந்து போட்டார்கள். போட்ட இடம் சரியாகப் போர்டுக்குக் கீழே.

உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். இருபத்திரண்டு சுவிட்சு. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். ஒரு சுவரில் ஒரு சுவிட்சை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் சிக்கனம் பார்த்தவர்கள் அவர்கள்.

ஐந்து நிமிஷத்தில் ஹாலில் ஃபேன் நின்றது. உள்ளே அறுபது பேர் "ஐயோ" என்றார்கள். நான் ஓடிவந்து போட்டேன். திரும்புவதற்குள் அடுப்படி லைட்டு போனது. அதைத் தேடிப் போட்டால் மறுபடி ஃபேன்.

"ஏப்பா, எதுக்கு இம்புட்டுக் காத்தாடி? ஆளில்லாத ரூம்ல ஓடிட்டுக் கெடக்கு" என்றார்கள் ஓனரம்மா, கையை எடுக்காமல்.

"உள்ள ஆளுக இருக்காகம்மா."

"எனக்கு இங்கன இருந்து ஒருத்தரும் தெரியலயே."

எப்படித் தெரியும்? சுவிட்சு வெளியே, ஆள் உள்ளே. என் பிளான் அப்படி. அவர்களைப் பார்த்தாலே எனக்கு மூன்று தடவை இருமத்தான் தோன்றும். அறுபது பேரும் துண்டையும் முந்தானையையும் விசிறிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஃபேனைப் போட்டதும் உள்ளே போனார்கள். அமத்தியதும் வெளியே வந்தார்கள். மேனேஜர் நனைந்த சட்டையோடு நின்று, "என்னப்பா, ஃபயர் டிரில்லா?" என்று கேட்டார்.

அப்போது மாரீஸ்வரி வாசலுக்கு வந்தாள். ஓனரம்மாவை உள்ளே கூப்பிடத்தான் சிரித்த முகத்தோடு வந்தாள். போர்டைப் பார்த்தாள். போர்டின்மேல் இருந்த கையைப் பார்த்தாள். திரும்பிப் படுக்கையறைக்குள் போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். அவள் கட்டிலைச் சுற்றிச் சுவரைத் தோள் உயரத்தில் கையால் தடவிக்கொண்டு நடந்தாள். தலைமாட்டில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பதினோரு வருசம் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாக. இப்ப எங்கூட்டு வாசல்லயே கொண்டாந்து உக்கார வச்சிட்டீகளே" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் ஒண்ணே ஒண்ணுதானங்க கேட்டேன்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. சேஃப்டி, பஞ்சு, பொறி என்று நாலு மாசமாகப் பேசியதில் ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. "எம்மேலதான் தப்பு மாரி" என்றேன். அதற்குமேல் பேசுவதற்குள் தலைக்கு மேலே இருந்த லைட்டும் அமர்ந்தது. ஓனரம்மா அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த ரூமின் ஜன்னல் வராண்டாவைப் பார்த்து இருந்தது, மேலே எரிகிற லைட்டு நன்றாகத் தெரியும், கட்டில் தெரியாது.

அந்த மங்கலில் கதவுப் பக்கம் ஒரு குரல். பாண்டி, தோளில் வாழை இலைக் கட்டோடு.

"அக்கா, இன்னைக்குத் தேதி என்னன்னு பாரு."

"இப்ப எதுக்குலே தேதி?"

"பாருக்கா. காலண்டரத் தூக்கிட்டுப் பாரு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கட்டிலோரம் தொங்கிய காலண்டரைத் தூக்கினாள். அடியில் சுவரோடு சுவராக ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒற்றைச் சுவிட்சு.

தொட்டுப் பார்த்தாள். அமுக்கினாள். லைட்டு எரிந்தது.

"டூ-வே சுவிட்சு" என்றான் பாண்டி, என்னைப் பார்க்காமல். "மாடிப்படிக்கு வைப்போம்ல, அந்த மாதிரி. வெளிய இருந்தும் போடலாம், உள்ள இருந்தும் போடலாம். மச்சான் பிளான்ல நான் எதையும் கொறைக்கல. ஒண்ணக் கூட்டுனேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் லைட்டு மறுபடி அமர்ந்தது. வெளியே ஓனரம்மா. மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள், பாண்டியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பட்டுச்சேலையோடு அப்படியே கட்டிலில் சாய்ந்து படுத்தாள். கையை நீட்டினாள். டக். எரிந்தது.

வெளியே டக், அமர்ந்தது. உள்ளே டக், எரிந்தது.

"ஏ, இதென்ன!" என்று ஓனரம்மா குரல்.

அமர்ந்தது. எரிந்தது. அமர்ந்தது. எரிந்தது. மாரீஸ்வரி தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்கினாள். அழுகை எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை. பாண்டி இலைக்கட்டைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பதினோரு வருஷக் கணக்கும் அந்த இரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது.

"ஏப்பா! அமத்த அமத்தத் தானா எரியுதுப்பா!" ஓனரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டைப் பார்த்தார்கள். மெதுவாகத் திரும்பி வாசலில் சந்தனம், குங்குமம், மல்லிகையோடு மினுங்கிய செப்புத் தகட்டைப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார்கள்.

"ஆத்தா, நீ குடியிருக்கிறது தெரியாமக் கை வச்சிட்டேன். எரியட்டும் தாயே. நீ எம்புட்டு எரிச்சாலும் எரிச்சுக்க."

அதற்கப்புறம் அவர்கள் போர்டுப் பக்கமே போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். எல்லா லைட்டும் எல்லா ஃபேனும் ஜேஜே என்று ஓடின. "ஓனரம்மாவ உள்ள கூப்பிட்டுக் காட்டலயா?" என்று மாரீஸ்வரியிடம் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாங்க. அவுகளே சாமிக்கு எரிக்க உத்தரவு குடுத்துட்டாக, போதும்" என்றாள். நான்கு இட்லி கூடவே வைத்து ஓனரம்மாவுக்கு அவளே பரிமாறினாள். சட்னிதான் இல்லை.

அடுத்த வாரமே பாண்டி சுவரை வெட்டி படுக்கையறை லைட்டுக்கு உள்ளது போக மற்ற இருபத்தொரு சுவிட்சையும் உள்ளே கொண்டுவந்தான். வெட்டும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, "மச்சான், பொறி வருதான்னு வந்து பாருங்க" என்பான். இன்றைக்கும் வீட்டில் நான் எதற்காவது யோசனை சொல்ல வாயைத் திறந்தால், "காலண்டர் தாள எடுத்துட்டு வரவா?" என்று கேட்கிறான். எங்கள் சொந்தத்தில் யாராவது வீடு கட்டினால் என்னை மேஸ்திரியோடு பேச விடுவதில்லை.

செப்புத் தகட்டை எடுக்க முடியவில்லை. ஓனரம்மா போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையானால் முகம் தெரியாதவர்கள்கூட வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவருக்குப் பரீட்சை பாஸானதாம், இன்னொருவருக்கு முட்டிவலி நின்றதாம். எர்த் நல்லபடியாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

கட்டிலோரத்துச் சுவிட்சு அதே இடத்தில்தான் இருக்கிறது. காலண்டர் மட்டும் வருஷா வருஷம் மாறுகிறது. அந்தச் சுவிட்சை நான் தொடக் கூடாது என்பது வீட்டில் ரூல். போர்மேனுக்கு ரூலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்குத் தூக்கம் வந்துவிட்டால் கட்டிலின் அந்தப் பக்கம் திரும்பி மூன்று தடவை இரும வேண்டும். நேற்று இரண்டு இருமலோடு நிறுத்திப் பார்த்தேன். எரிந்துகொண்டேதான் இருந்தது.